காயசண்டிகைக்கு ஓர் இலை

போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம். கெம்போங் மீனை ஆய்ந்து மஞ்சள் தடவிக்கொண்டிருந்தேன். சின்னவள் அடுப்படி நிலையில் சாய்ந்துகொண்டு கேட்டாள்: "அம்மா, கதையில வர்ற ஒருத்தர நம்ம வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடலாம்னா யாரக் கூப்பிடுவீங்க?" பள்ளிக்கூடத்தில் ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்களாம்.

வீட்டில் ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். பிள்ளைகளின் அப்பாவுக்கு வந்தியத்தேவன். "நல்லாச் சாப்பிடுவான், சாப்பிட்டுக்கிட்டே கதையும் சொல்வான்" என்றார். பெரியவனுக்குப் ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' நாவலில் வரும் பாண்டியன். யுத்தக் காலத்துப் பினாங்கைப் பார்த்தவனை இன்றைய லெபோ பசாரில் நடக்க வைத்து, பிறகு நாசி கண்டார் கடையில் உட்கார வைத்துப் பேச்சுக் கொடுக்க வேண்டுமாம். கேட்ட சின்னவளுக்கு மணிமேகலை. "அமுதசுரபியோட வருவாங்க. அள்ள அள்ளக் குறையாது. நீங்க சமைக்கவே வேணாம்மா."

என் வேலை குறையட்டும் என்று பாசத்தில் சொன்னாள். ஆனால் மணிமேகலை துறவி. புத்த பிக்குணி. நண்பகல் தாண்டினால் அவள் வாயில் சோறு வைக்கமாட்டாள். பூலாவ் தீக்குஸ் பக்கம் இருப்பவர்களுக்கு இது தெரிந்திருக்கும். அங்கே பர்மாக் கோயிலும் சயாம் கோயிலும் எதிரெதிரே இருக்கின்றன. பிக்குகள் காலையில் பாத்திரத்தோடு வருவார்கள். மதியத்துக்கு முன்னால் சாப்பாட்டை முடித்துவிடுவார்கள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு மணிமேகலையைக் கூப்பிட்டால் நாம் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு அவள் தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பாள். சின்னவளிடம் சொன்னேன். முகம் தொங்கிவிட்டது.

"அப்ப நீங்க சொல்லுங்க."

மீனைச் சட்டியில் போட்டுக்கொண்டே சொன்னேன், காயசண்டிகை என்று. யோசிக்கவே இல்லை. மூவருக்கும் அது யாரென்று தெரியவில்லை.

தெரியாததில் ஆச்சரியம் இல்லை. நானே பள்ளியில் படித்தபோது மணிமேகலை என்றால் மணிபல்லவம், கோமுகிப் பொய்கை, ஆபுத்திரன் கையிலிருந்த அட்சய பாத்திரம், அவ்வளவுதான். பாத்திரத்தை யார் கொடுத்தது, யார் வாங்கியது என்று கேட்பார்கள். முதல் கவளத்தை யார் சாப்பிட்டது என்று யாரும் கேட்டதில்லை. காப்பியத்தின் 30 காதைகளையும் உரையோடு உட்கார்ந்து படித்தது எனக்கு நாற்பது வயதான பிறகுதான். உ.வே.சா. அதை 1898-இல் அச்சிட்டார். நான் வைத்திருப்பது மலிவுப் பதிப்பு. பதினேழாவது காதை வரும் இடத்தில் மட்டும் முதுகு உடைந்து தாள் கழன்று கிடக்கிறது.

காயசண்டிகை விஞ்சையர் குலத்துப் பெண். ஊர் வடக்கே, காஞ்சனபுரம். மந்திரம் சொல்லி வானத்தில் பறக்கத் தெரிந்தவர்கள் அவர்கள். கணவன் காஞ்சனனோடு பொதிகை மலையைப் பார்க்க வருகிறாள். ஆற்றங்கரையில் ஒரு தேக்கிலை, அதன்மேல் பனம்பழம் அளவுக்கு ஒரு நாவற்பழம். விருச்சிகன் என்ற முனிவர் அதை அங்கே வைத்துவிட்டுக் குளிக்கப் போயிருக்கிறார். அந்த மரம் 12 ஆண்டுக்கு ஒரு பழம்தான் பழுக்கும். அதைத் தின்றவருக்கு 12 ஆண்டு பசிக்காது. அவர் அதைத் தவிர வேறு எதுவும் உண்ணாத நோன்புக்காரர். இவள் செருக்கோடு வந்து அதைக் காலால் மிதித்துச் சிதைத்துவிடுகிறாள்.

குளித்துவிட்டு வந்தவர் பார்க்கிறார். இனி 12 ஆண்டு அவர் பட்டினி. அந்தப் பட்டினியை அவளுக்கும் கொடுத்துவிடுகிறார். அடுத்த பழம் பழுத்து நான் உண்ணும் நாள்வரை உன் வயிறு எரியட்டும் என்று சாபம். யானைத்தீ என்று அந்த நோய்க்குப் பெயர். பறக்கும் மந்திரமும் மறந்துபோகிறது. காஞ்சனன் காட்டில் கிடைத்த காய், கனி, கிழங்கு எல்லாம் கொண்டுவந்து கொட்டுகிறான். ஆறவில்லை. இல்லாதவருக்குக் கொடுக்கிறவர்கள் இருக்கும் ஊர் ஒன்று இருக்கிறது, எத்தனை நாள் ஆனாலும் தரையிலேயே நடந்து அங்கே போய்விடு என்கிறான். வானத்தில் வந்தவள் நடந்தே புகாருக்குப் போய்ச் சேர்கிறாள்.

அங்கே வாசல் வாசலாகச் சாப்பிடுகிறாள். ஆறவில்லை. ராமர் கடலை அடைத்தபோது குரங்குகள் தூக்கிப்போட்ட மலைகளெல்லாம் கடலின் வயிற்றுக்குள் போனதுபோல, இட்டதெல்லாம் உள்ளே போகிறது என்று அவளே சொல்கிறாள். ஒவ்வோர் ஆண்டும் இந்திர விழாவுக்குக் காஞ்சனன் வருவான். அவளைப் பார்ப்பான். இன்னும் எத்தனை ஆண்டு என்று எண்ணிவிட்டுத் திரும்பிப் போவான்.

இங்கே அடுப்பைக் குறைத்துவிட்டு என் ஆயாவைப் பற்றிச் சொல்ல வேண்டியதாகிவிட்டது. எங்கள் பக்கம் பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுவோம். அப்பாவின் அம்மா. என் பிள்ளைகள் பார்த்ததில்லை. பெரியவன் பிறந்தபோது போட்டோவில்தான் இருந்தார்.

ஆயா பிறந்தது வளர்ந்தது வேலை செய்தது எல்லாம் கெடாவில் ஒரு பால்மரத் தோட்டத்தில், அதாவது ரப்பர் தோட்டத்தில். சுங்கைப் பட்டாணியிலிருந்து உள்ளே போக வேண்டும். ஜப்பான்காரன் வந்தபோது அவருக்கு 14 வயது. பாலைக் கப்பலேற்ற முடியாமல் தோட்டத்தில் வேலை நின்றுபோனது. பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்துகொண்டிருந்த அரிசியும் நின்றுபோனது. ஜப்பான்காரன் வாழைமரப் படம் போட்டு அச்சடித்த நோட்டை மூட்டையாகக் கொடுத்தாலும் ஒரு படி அரிசி கிடைக்காது என்று சொல்வார். மரவள்ளிக்கிழங்கு, கிழங்கின் இலை, கிழங்கு மாவில் சுட்ட அடை. லயத்து வீட்டுக்குப் பின்னால் எங்கே தோண்டினாலும் கிழங்கு. மூன்றரை வருஷம்.

1943-இல் ஆயாவின் அப்பாவைச் சயாமுக்கு ரயில் ரோடு போடக் கொண்டுபோனார்கள். மூன்று மாதத்தில் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டு லாரியில் ஏறினாராம். சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் அந்தப் பாதை. அதே ஆண்டு அக்டோபரில் போட்டு முடித்தார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் போனார்கள். காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் போனவர்களுக்குச் சரியான கணக்கு எழுதுவார் இல்லை. ஆயாவின் அப்பா வரவில்லை. எந்த இடம், எந்த நாள், ஒன்றும் தெரியாது. நாள் தெரியாததால் திதி கொடுக்கவும் வழியில்லை. அமாவாசைக்கு ஒரு பிடி சோறு காக்காய்க்கு வைப்பார்.

யுத்தம் முடிந்தது, அரிசி வந்தது, தோட்டத்தில் சம்பளம் வந்தது, மகன் படித்துப் பட்டர்வொர்த்தில் வேலைக்குப் போனார். ஆயாவின் பசி மட்டும் எதற்கும் அசையவில்லை. தட்டைச் சுற்றி இடக்கையை அணை மாதிரி வளைத்து வைத்துக்கொண்டுதான் சாப்பிடுவார். நாங்கள் பாதி சாப்பிடும்போது அவர் முடித்திருப்பார். "இன்னும் கொஞ்சம் போடு." அம்மா போடுவார். "இன்னும் கொஞ்சம்." கட்டிலுக்கு அடியில் பிஸ்கட் டின்களில் அரிசி இருக்கும். வண்டு பிடித்து மாவாய்ப் போயிருக்கும், கொட்ட விடமாட்டார். மரவள்ளிக்கிழங்கு வீட்டு வாசப்படி ஏறக்கூடாது. பசாரில் ஒரு தடவை அப்பா மறந்து வாங்கி வந்துவிட்டார். ஆயா ஒரு வார்த்தை பேசவில்லை, எடுத்துக்கொண்டுபோய் லோங்காங்கில், சாக்கடையில் போட்டுவிட்டு வந்தார்.

எனக்கு ஒன்பது வயதில் நடந்த ஒன்றைப் பிள்ளைகளிடம் அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சொன்னேன்.

தைப்பூசம். 1985-இல் பாலம் திறந்தாகிவிட்டது, ஆனாலும் ஆயாவுக்கு ஃபெரிதான். பட்டர்வொர்த்திலிருந்து கடலைத் தாண்டி, நடந்து தண்ணீர்மலைக்கு. வழி நெடுகத் தண்ணீர்ப் பந்தல்கள். பினாங்குத் தைப்பூசத்தைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். எங்கே கை நீட்டினாலும் மோர், பானகம், தயிர்ச்சோறு, புளிச்சோறு. ஆயா ஒரு பந்தலில் உட்கார்ந்து சாப்பிட்டார். அடுத்த பந்தலிலும் சாப்பிட்டார். மூன்றாவது பந்தலில் இரண்டு பொட்டலம் வாங்கிப் பையில் போட்டார். "பேத்திக்கு ஒண்ணு" என்று சொல்லி இன்னொன்று. ஐந்தாவதோ ஆறாவதோ பந்தலில், என் வகுப்புப் பையன் ஒருவன் அவன் அப்பாவோடு நின்று சோறு போட்டுக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்தான். ஆயாவையும் பார்த்தான், அவர் பையையும் பார்த்தான். நான் ஆயாவின் கையை விட்டுவிட்டு முன்னால் நடந்துவிட்டேன். "அடியே, நில்லுடி" என்று கூட்டத்துக்குள் அவர் குரல் கேட்டது. கேட்டும் திரும்பவில்லை.

மலையடிவாரத்தில், படி தொடங்கும் இடத்தில் என்னைக் கண்டுபிடித்தார். வேர்த்துக் கொட்டியது. திட்டுவார் என்று நின்றேன். பையைத் திறந்து ஒரு பொட்டலத்தைப் பிரித்து என் கையில் வைத்தார். "பசியில கிறுகிறுத்துப் போயிருப்ப. தின்னு."

மணிமேகலையில் பசியைப் பாவி என்று திட்டும் ஓர் இடம் உண்டு. குடிப்பிறப்பை அழிக்கும், படித்த படிப்பைக் கைவிட வைக்கும், நாணம் என்னும் அணியைக் கழற்றிவிடும், கட்டியவளோடு அடுத்தவர் வாசலில் கொண்டுபோய் நிறுத்தும் என்று வரிசையாக வரும். இதை எழுதிய சாத்தனார் மதுரையில் கூலவாணிகர், தானியம் விற்றவர். அரைப்படிக்குக் காசு எண்ணிக்கொண்டு நின்ற கைகளைத் தினமும் பார்த்திருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றும். நாணம் கழன்று விழும் அந்த வரியைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தப் பந்தலில் ஆயாவின் நாணத்தைச் சேர்த்து நான் பட்டிருக்கிறேன். அதை அவரிடமிருந்து பிடுங்கியது எது என்று எனக்குத் தெரிய முப்பது வருஷம் ஆகியிருக்கிறது.

காயசண்டிகையிடம் எனக்கு அசாத்தியமான மரியாதை உண்டு. மணிமேகலை பாத்திரத்தோடு தெருவுக்குள் வந்து, முதல் பிச்சையை ஒரு பத்தினியிடம் வாங்க வேண்டும் என்று நிற்கும்போது எதிரே இவள் இருக்கிறாள். 12 ஆண்டாக வயிறு எரிந்துகொண்டிருக்கிறது. அப்போதும், அதோ ஆதிரையின் வீடு, அவளிடம் வாங்கு என்று கைகாட்டுகிறாள். ஆதிரையின் கதை முழுவதையும் பொறுமையாகச் சொல்கிறாள். கப்பல் உடைந்து நாகர் தீவில் ஒதுங்கிய கணவன், தீயில் இறங்கியும் வேகாத மனைவி என்று எதையும் விடாமல் சொல்கிறாள். தன் பசியை அதற்குப் பிறகுதான் சொல்கிறாள். மணிமேகலை ஒரு பிடி சோற்றை எடுத்து அவள் கையில் வைக்கிறாள். ஒரே பிடி. யானைத்தீ அவிந்துவிடுகிறது.

பள்ளிக்கூடக் கதை இங்கே முடிந்துவிடும். சாத்தனார் முடிக்கவில்லை. பசி தீர்ந்து, மந்திரமும் திரும்பி, காயசண்டிகை ஊருக்குப் பறக்கிறாள். விந்தியமலையை விந்தாகடிகை என்ற ஒருத்தி காக்கிறாள். வானத்தில் போகிறவர்கள் அந்த மலைக்கு நேர் மேலே போகமாட்டார்கள், விலகித்தான் போவார்கள். மேலே பறந்தால் நிழலைப் பிடித்து இழுத்து வயிற்றில் போட்டுக்கொள்வாள். காயசண்டிகை மேலேயே போய்விட்டாள். 12 ஆண்டு வயிற்றோடு போராடியவள் இன்னொருத்தியின் வயிற்றுக்குள் முடிந்துபோனாள். தூணில் இருக்கும் பாவை இதைக் காஞ்சனனிடம் சொல்கிறது. அதற்குள் அவன், தன் மனைவியின் உருவத்தில் நடமாடிய மணிமேகலையைத் தவறாக நினைத்து இளவரசன் உதயகுமாரனை வெட்டியே விட்டான்.

"ஏன்மா மேல போனாங்க? அவங்களுக்குத் தெரியாதா?" என்று சின்னவள் கேட்டாள். தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். எல்லா விஞ்சையருக்கும் தெரிந்த விஷயம். 12 ஆண்டுக்குப் பிறகு வீடு. சுற்றிப்போக யாருக்குப் பொறுமை இருக்கும்?

ஆயா 2004-இல் போனார். போவதற்கு நாலு நாள் முன்னால், அம்மா ரசச்சோறு பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தார். ஆயா தலையைத் திருப்பி, "போதும்" என்றார். அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். தட்டில் பாதிச்சோறு இருந்தது. ஆயா கையை எதற்கும் அணையாக வைத்திருக்கவில்லை, இரண்டும் பக்கத்தில் கிடந்தன.

அதனால் நான் கூப்பிடும் நாளும் முடிவாகிவிட்டது. பசியோடு அலைந்த ஆண்டுகளில் கூப்பிட்டுப் பயனில்லை. எங்கள் வீட்டு 10 கிலோ அரிசி மூட்டை அவளுக்கு எந்த மூலைக்கு? அந்த ஒரு பிடி உள்ளே இறங்கிய நாள், அன்று ராத்திரி. பசி போய்விட்டது, இன்னும் பறக்கவில்லை. காப்பியத்தில் அந்த ராத்திரிக்கு ஒரு வரிகூட இல்லை. அது எனக்குப் போதும்.

எங்கே என்பதில் பெரியவனுக்கும் எனக்கும் கொஞ்சம் வாக்குவாதம். நாசி கண்டார் கடைக்குக் கூட்டிப்போகலாம் என்றான். காரணமும் நல்ல காரணம்தான். கண்டார் என்றால் தோள்தடி. அந்தக் காலத்தில் நம் தமிழ் முஸ்லிம்கள் அந்தத் தடியின் இரண்டு முனையிலும் சோறும் குழம்பும் தொங்கவிட்டுத் துறைமுகத்துக் கூலியாட்களைத் தேடிக் கொண்டுபோய்ப் போட்டார்கள். பசித்தவனைத் தேடிப்போன சோறு. எல்லாக் குழம்பையும் கலந்து சோறு மிதக்க "பஞ்சிர்" என்று ஊற்றுவார்களே, அதை அவள் பார்க்க வேண்டும் என்றான். நான் வேண்டாம் என்றேன். 12 ஆண்டு அவள் வரிசையில் நின்று, பல வீட்டுச் சோறு ஒன்றாய்க் கலந்ததை நின்றபடியே தின்றிருக்கிறாள். வீட்டுக்குள் வந்து கால் நீட்டி உட்காரட்டும். இலை போட்டு, குழம்பு வேறாக, ரசம் வேறாக, ஒவ்வொன்றும் என்ன ருசி என்று அவள் நாக்குக்குத் தெரியட்டும். பசி எரிந்தவர்களுக்கு ருசி தெரிந்திருக்காது. ஆயாவிடம் எந்தக் குழம்பு பிடிக்கும் என்று கேட்டால், சோறு என்றுதான் சொல்வார்.

என்ன சமைப்பது? மீன் சாப்பிடுவாளா என்று கேட்டுக்கொண்டு செய்ய வேண்டும். கேட்காமல் செய்யக்கூடிய அளவுக்குக் கங்கோங் கீரைப் பொரியல், கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு, பருப்பு, மிளகு ரசம், அப்பளம். கிழங்கு கிடையாது. சாப்பிட்டு முடித்ததும் ஜம்பு ஆயர் நறுக்கி வைக்கலாமா என்று சின்னவள் கேட்டாள். கூடவே கூடாது. மலாயில் ஜம்பு என்கிறோமே, வடமொழியில் அது நாவல் மரத்தின் பெயர். ஜம்பு ஆயரும் நாவலும் ஒரே சாதி மரங்கள்தாம். தட்டைப் பார்த்ததும் அவளுக்குத் தேக்கிலை ஞாபகம் வந்துவிடும். பாலேக் பூலாவிலிருந்து வரும் ஜாதிக்காய்ச் சாறு ஒரு டம்ளர் போதும், வயிற்றுக்கும் நல்லது.

நான் பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறுவேன். இன்னும் கொஞ்சம் என்று வற்புறுத்தமாட்டேன். அவள் போதும் என்று சொன்னால், பயப்படாமல் இலையை எடுக்கப் பழக வேண்டும். பிறகு வழி சொல்லுவேன்.

"எப்படி வருவாங்க இவ்ளோ தூரம்?" என்று பிள்ளைகளின் அப்பா கேட்டார். இது ஒரு தூரமா? புகார்த் துறையில் வந்து குவிந்தவற்றைப் பட்டினப்பாலை அடுக்கும்போது காழகத்து ஆக்கம் என்று ஒன்று வரும். நச்சினார்க்கினியர் உரையில் காழகம் என்றால் கடாரம். ஆயா பால்மரம் சீவிய அதே கெடா. கப்பல்கள் வந்துபோன வழியில் அவள் பறந்து வரட்டும்.

சின்னவள் கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தாள். பினாங்கில் விரலை வைத்து நேராக மேலே இழுத்தாள். "அம்மா, இங்கேருந்து வடக்க போனா விந்தியமலையே குறுக்க வராது. அது எங்கேயோ மேற்கால இருக்கு." நான் இதை யோசித்திருக்கவில்லை. வழி சொல்லவே வேண்டாம், எங்கள் வீட்டுக்கு வந்ததே அவளுக்கு விலகிப்போகும் வழியாகிவிடுகிறது. விரல் கடல் ஓரமாகவே ஏறிச் சயாமுக்குள் போனது. கொஞ்ச தூரம் போய் நின்றது.

"இங்க ஒரு காஞ்சனபுரம் இருக்கும்மா."

எழுத்துக்கூட்டிப் படித்தாள். காஞ்சனபுரி. கண்ணாடியை மாட்டிக்கொண்டு நானும் பார்த்தேன். காயசண்டிகையின் ஊர் இது இல்லை. அது எங்கோ வடக்கில், கதைக்குள் இருக்கும் ஊர். பெயர்தான் ஒன்று. ஆனால் இந்த ஊர்ப் பெயரைச் சின்ன வயதிலிருந்தே எங்கள் வீட்டில் கேட்டிருக்கிறேன். சயாம் ரயில் பாதை இந்த ஊர் வழியாகத்தான் பர்மாவுக்குப் போனது.

மீன் குழம்பு கொதித்து வந்துவிட்டது. அடுப்பை அணைத்தேன். அவள் கிளம்பும்போது கையில் கட்டுச்சோறு கொடுத்துவிட வேண்டும் என்றேன். புளிச்சோறு, இரண்டு நாளைக்குக் கெடாது.

"ஒண்ணு போதுமா?"

"ரெண்டாக் கட்டணும். ஒண்ணு அவங்களுக்கு. இன்னொண்ண அந்த ரோட்டுக்கு மேல போறப்ப கீழ எறக்கி வச்சிட்டுப் போகச் சொல்லணும்."